கொதிக்கும் காருக்கு நோய் காண்பது எப்படி?

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்

நோய் இன்னதென்று தெரிந்து, அது வந்த காரணத்தையும் தெரிந்து, அதன் பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. மனிதனுக்குச் சொன்ன இந்த முறை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதை எங்கள் வீட்டு அம்பாசடர் கார் எனக்குக் கற்றுக்கொடுத்தது. வகுப்பறையில் படித்த வெப்பமும் அழுத்தமும் வீட்டு முற்றத்தில் நின்று பேசிய அந்த அனுபவத்தை நம் கல்லூரி மலர் வழியே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் கார் 1978-ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் மாதிரி அம்பாசடர். தாத்தா அதை வாடகைக் காராக ஓட்டினார். இப்போது அப்பா எலுமிச்சை வியாபாரத்திற்கும் வீட்டு விசேஷங்களுக்கும் வைத்திருக்கிறார். புளியங்குடி எலுமிச்சைக்குக் கேரளத்தில் உள்ள மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு வியாபார வேலையாகப் புனலூர் போகும்போது, செங்கோட்டை கடந்து புளியரை எஸ் வளைவில் கார் கொதித்து நின்றுவிட்டது. பார்த்த மெக்கானிக், "அண்ணாச்சி, ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்றார். அம்மாவின் வளையல் ஒன்று அடகுக்குப் போயிற்று. புதிய கேஸ்கட் வந்தது. கார் ஓடியது.

பத்து மாதம் கழித்து, ஆடித் தபசு பார்த்துவிட்டுச் சங்கரன்கோவிலிலிருந்து திரும்பும் வழியில் கார் மறுபடியும் கொதித்தது. மறுபடியும் அதே சொல்: "கேஸ்கட்." அப்பா வெறுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் விலை பேசிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா மட்டும், "போன தடவையும் இதைத்தானே சொன்னாங்க. ஏன் போச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கினேன்.

அம்பாசடரும் அதன் எஞ்சினும்

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி உருவான வண்டி அம்பாசடர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தில் உள்ள உத்தரபாராவில் இதைத் தயாரித்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோனது. எங்கள் வண்டியில் இருப்பது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். எம்.ஜி.ஏ. என்ற ஆங்கிலேயப் பந்தயப் பாணிக் காருக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான் பொருத்தப்பட்டது. பிளாக், அதன் மேல் உள்ள ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. முறையாகப் பார்த்துக்கொண்டால் எளிதில் தளராத எஞ்சின் இது.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே, தோசைக்கும் கல்லுக்கும் நடுவே விரிக்கும் வாழையிலை போல ஒரு மெல்லிய தகடு கிடக்கிறது. அதுவே ஹெட் கேஸ்கட். பார்ப்பதற்கு எளிய பொருள். ஆனால் மூன்று பகைவர்களை ஒரே வீட்டில் வைத்துக் காக்கும் வேலை அதற்கு. ஒன்று, சிலிண்டருக்குள் எரியும் வாயு. அதன் வெப்பம் கண நேரத்திற்கு 2000 டிகிரி செல்சியசையும் தாண்டும். அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 30 மடங்குக்கு மேல் உயரும். இரண்டாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். மூன்றாவது, உராய்வைக் குறைக்கும் ஆயில். இவை ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும்வரை எஞ்சின் நலமாக இருக்கும். கேஸ்கட் எந்த இடத்தில் கெட்டது என்பதைப் பொறுத்து நோயின் அடையாளமும் மாறும்.

நோயின் அடையாளங்கள்

சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் இடையே கேஸ்கட் கெட்டால், எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து ரேடியேட்டரில் குமிழியிடும். எஞ்சினை நிறுத்திய பின் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். காலையில் எஞ்சின் திக்கித் திணறிப் புறப்படும். சைலன்சரில் வெண்புகை நீண்ட நேரம் வரும். வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறையும்.

தண்ணீர் வழிக்கும் ஆயில் வழிக்கும் இடையே கெட்டால், ஆயில் பால் கலந்த தேநீர் போல் நிறம் மாறும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கெட்டால் தண்ணீர் குறையாது, ஆனால் அந்த இரண்டிலும் அழுத்தம் போய் வண்டி இழுக்காது. வெளிப்பக்கம் கெட்டால் பிளாக்கும் ஹெட்டும் சேரும் விளிம்பில் ஈரமோ துருக்கோடோ தெரியும்.

இங்கே ஒரு பொதுவான தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, "ஆயில் சுத்தமாக இருக்கிறது, ஆகவே கேஸ்கட் நன்றாக இருக்கிறது" என்று சொல்வோர் உண்டு. சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் இடையிலான கசிவில் ஆயிலுக்குப் பெரும்பாலும் பங்கே இல்லை. எனவே ஆயில் சுத்தமாக இருப்பது கேஸ்கட்டை விடுதலை செய்யாது. இதற்கு மறுபுறமும் உண்டு. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உட்புறம் சிறிது வெண்பசை படிவது காற்றிலுள்ள ஈரத்தாலும் நேரலாம். அதை மட்டும் பார்த்துத் தண்டனை கொடுப்பதும் தவறு.

முதலில் மற்றவர்களை விசாரிப்போம்

கார் கொதிப்பதற்குக் கேஸ்கட் ஒன்றுதான் காரணம் என்பதில்லை. அதற்குக் குறைந்த செலவுள்ள காரணங்கள் பல உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடுவது அறிவுடைமை.

ஃபேன் பெல்ட் தளர்ந்தால் ஃபேனும் வாட்டர் பம்பும் மெதுவாகச் சுற்றும். வாட்டர் பம்பின் சீல் தேய்ந்தால் அதன் அடியில் உள்ள சிறு துளை வழியே தண்ணீர் சொட்டும். சூடான எஞ்சினில் அது உடனே ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரம் தெரியாது. துருக்கறையே அதற்குச் சாட்சி. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டாலும், டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் பிந்தினாலும் வெப்பம் ஏறும்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். அது ஓர் அழுத்த வால்வு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. மூடி ஒரு சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கினால், கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயரும். பிரஷர் குக்கரின் தத்துவமே இதுவும். மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் அந்த 11 டிகிரிப் பாதுகாப்பு போய்விடும். குற்றமற்ற எஞ்சினும் கொதிக்கத் தொடங்கும்.

எங்கள் காரில் பெல்ட்டும் பம்பும் டைமிங்கும் சரியாக இருந்தன. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், திறந்தது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. புதிய மூடி போட்டேன். ஆனாலும் தண்ணீர் குறைவதும் காலை வெண்புகையும் நிற்கவில்லை. எனவே கேஸ்கட்டின் மீது சந்தேகம் வலுத்தது. ஆனால் சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு.

முதல் சோதனை: குமிழி

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. அழுத்தம் விடுபட்டவுடன் உள்ளே உள்ள நீர் சட்டென்று கொதித்து முகத்தில் பாயும்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்பு கலக்கும் நீரோட்டத்தில் குமிழியை இனம் காண முடியாது. தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி எஞ்சினை இயக்க வேண்டும். பம்பு ஓடாததால் ஒன்றிரண்டு நிமிடத்திற்கு மேல் ஓட்டக்கூடாது. முதல் அரை நிமிடத்திலேயே தொடர்ச்சியாகக் குமிழி வந்தால் அது நீராவி அன்று. அவ்வளவு விரைவில் தண்ணீர் கொதிக்க முடியாது. எரிந்த வாயு எங்கோ நுழைகிறது என்பதே பொருள். நிரப்பும்போது உள்ளே அகப்பட்ட காற்றும் சிறிது நேரம் குமிழியிடும், ஆனால் விரைவில் ஓய்ந்துவிடும். எங்கள் காரில் குமிழி ஓயவில்லை.

இரண்டாம் சோதனை: நிறம் மாறும் நீர்

பெட்ரோல் எரிந்த வாயுவில் கரியமில வாயு நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றிலோ நூற்றுக்கு 0.04 பங்குதான். ஆகவே ரேடியேட்டரில் வருவது வெறும் காற்றா, எரிந்த வாயுவா என்று வேதியியல் நமக்குச் சொல்லும்.

புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டியை நம் வேதியியல் ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரத்தன்மையில் நீலமாகவும் அமிலத்தன்மையில் மஞ்சளாகவும் இருக்கும். கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகும்போது நீலம் பச்சையாகி மஞ்சளாகும். பட்டறைகளில் விற்கும் கேஸ்கட் சோதனைக் கருவியின் இரகசியமும் இதுதான். பேராசிரியரின் அனுமதியோடு சிறிது கரைசல் பெற்றுக்கொண்டேன். இரண்டு கண்ணாடிக் குழாய் செருகிய சிறு புட்டியில் அதை ஊற்றி, ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, மற்றதில் ரப்பர்ப் பந்தை மாட்டி வாயுவை இழுத்தேன்.

செய்முறை வகுப்பில் சொல்லித்தந்த ஒப்பீட்டுச் சோதனையை இங்கே மறக்கக்கூடாது. முதலில் திறந்தவெளிக் காற்றை அதே அளவு இழுத்தேன், நீலம் மாறவில்லை. தனியே சிறிது கரைசலில் குழல் வைத்து மூச்சை ஊதினேன், மஞ்சளாயிற்று. ஆகவே கரைசல் பொய் சொல்லாது என்று தெரிந்தது. பிறகு ரேடியேட்டரில் இரண்டு அங்குலம் தண்ணீரைக் குறைத்து, தண்ணீர் புட்டிக்குள் ஏறாதபடி மேலுள்ள வாயுவை மட்டும் இழுத்தேன். சில நிமிடங்களில் கரைசல் மஞ்சளாகிவிட்டது. இதைச் சைலன்சர் புகை சூழாத திறந்தவெளியில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெளிப்புகையே நிறத்தை மாற்றிவிடும்.

மூன்றாம் சோதனை: எந்தச் சிலிண்டர்?

கசிவு உண்டு என்பது உறுதியாயிற்று. எங்கே என்பது அடுத்த கேள்வி. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்றில் வழக்கமான கரிநிறம். மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியது போல் வெளுத்திருந்தது.

பின்பு கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கி அளந்தேன். எஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்குகளும் கழற்றப்பட்டு, காயில் இணைப்பு துண்டிக்கப்பட்டு, ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுத்தப்பட்ட நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒரு சதுர அங்குலத்திற்கு முறையே 120, 118, 85, 116 பவுண்டு காட்டியது. மூன்றாம் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு உயரும். உயரவில்லை. எனவே வால்வு அல்லது கேஸ்கட்.

இந்த இரண்டில் எது என்று தீர்த்துவைத்தது பஞ்சர் கடைக் கம்ப்ரஸர். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் இரும்புக் கூட்டில் காற்றுக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டோம். மூன்றாம் பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்தால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். எஞ்சின் சுற்றிவிடாதபடி காரை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஃபேனிலிருந்து கையை விலக்கிக்கொண்டு காற்றைச் செலுத்த வேண்டும். கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வால்வு, சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். எங்கள் காரில் இந்த மூன்று இடத்திலும் பெரிய சத்தம் இல்லை. ரேடியேட்டரில் மட்டும் பானையில் சோறு கொதிப்பதுபோல் குமிழி பொங்கியது. மெக்கானிக் சொன்னது உண்மைதான்.

ஒரு வரம்பை இங்கே சொல்லிவிட வேண்டும். கெட்டது கேஸ்கட்டா, அல்லது ஹெட்டிலோ பிளாக்கிலோ விழுந்த விரிசலா என்று இந்தச் சோதனைகள் பிரித்துச் சொல்லமாட்டா. அதை ஹெட்டைக் கழற்றிய பிறகே அறிய முடியும்.

தாத்தாவின் கேள்விக்கு விடை

நோய் தெரிந்துவிட்டது. நோயின் காரணம்? கேஸ்கட் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அதிக வெப்பத்தில் ஹெட் வளைகிறது. வளைந்த இடத்தில் பிடிப்புத் தளர்கிறது. தளர்ந்த இடத்தை எரிவாயு அரிக்கிறது. அப்படியானால் முதலில் வெப்பம் ஏன் ஏறியது?

ஓட்டி நிறுத்திய காரின் ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மேற்பகுதி சுட்டது. கீழ்ப்பாதியில் பல இடங்கள் குளிர்ந்திருந்தன. அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. கழற்றி மேல்வாயில் தண்ணீர் ஊற்றியபோது கீழ்வாயில் மெலிந்த ஓட்டமே வந்தது. கூடவே மஞ்சள் நிறச் சேறு. வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போட்டு அடைப்பது நம் ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். அப்பா பலமுறை போட்டிருக்கிறார். அது ஓட்டையை அடைப்பதோடு நிற்காமல் நல்ல குழாயையும் அடைக்கும். அதற்கு மேல் எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டரிலும் படியும். தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கரையாத சுண்ணாம்புக் கார்பனேட்டாக மாறுகிறது. தற்காலிகக் கடினத்தன்மை என்று நாம் படித்த பாடம் இதுவே. அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது.

ஹெட்டைக் கழற்றும் வேலையை அதே மெக்கானிக்கிடம்தான் கொடுத்தோம். எங்கள் சோதனைகளை அவர் ஆர்வத்தோடு கேட்டார். "தம்பி, இவ்வளவு பார்க்க யாரு நேரம் தாராங்க? வண்டி சாயங்காலம் வேணும்னுதானே கேக்காங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்றாம் சிலிண்டரின் ஓரத்தில் கேஸ்கட் கருகிப் பாதை விட்டிருந்தது. விரிசல் இல்லை. ஹெட்டின் மேல் எஃகு நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜ் இலையை நுழைத்தோம். நுழையக் கூடாத தடிப்புள்ள இலை நுழைந்தது. சென்ற ஆண்டு யாரும் இதைப் பார்க்கவில்லை. வளைந்த ஹெட்டின் மேல் புதிய கேஸ்கட், அடைத்த ரேடியேட்டரின் முன்னே புதிய கேஸ்கட். பத்து மாதம் உழைத்ததே பெரிது.

ஹெட் லேத் பட்டறையில் சமன் செய்யப்பட்டது. ரேடியேட்டர் பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினோம். எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறிய பின் மீண்டும் முறுக்கைச் சரிபார்த்து, டாப்பட் இடைவெளியையும் சரிசெய்தோம். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் ஒட்டிய துணுக்குகளை உலர்வாகச் சுரண்டி ஊதாமல் நனைத்தே எடுத்தோம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மாணவ நண்பர்களுக்கு

யார் வீட்டிலாவது கார் கொதித்தால் மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். கொதிக்கும் எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும் என்ற ஐயம் இருந்தால் பிளக்குகளைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ரேடியேட்டரில் காய்ச்சி வடித்த நீரோடு உரிய குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து ஊற்றுங்கள், மஞ்சள்தூளைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.

எங்கள் கார் இப்போது புளியரை வளைவில் நிற்காமல் ஏறுகிறது. வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டுவதில்லை. அம்மாவின் முதல் வளையல் இன்னும் மீட்கப்படவில்லை. ஆனால் இரண்டாவது வளையல் அடகுக்குப் போகவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். தாத்தாதான் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

மெக்கானிக் சொன்னது பொய்யன்று. கேஸ்கட் கெட்டுத்தான் இருந்தது. ஆனால் "என்ன கெட்டது" என்ற விடையோடு நாங்கள் நின்றிருந்தால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்றிருப்போம். "ஏன் கெட்டது" என்று கேட்டது ஏட்டுக் கல்வி அறியாத ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைத் தந்தது நம் கல்லூரி ஆய்வகம். இரண்டும் சேர்ந்தால்தான் படிப்பு முழுமை பெறும் என்பது என் எண்ணம்.